காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வீட்டுத் தோட்டம் எனும் தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுத் தோட்டம் என்ற தலைப்பைக் கேட்டதும், 'இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? விதையைப் போட்டால் முளைக்கப் போகிறது' என்று சிலர் எண்ணக்கூடும். இந்த நாட்டு மண்ணில் முளைப்பது எளிது. முளைத்ததை அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்து சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது. அந்த வேலை எப்படிப்பட்டது, ஒரு நாளில் அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் நம் வீடுகளில் இன்னும் எத்தனை காலத்துக்கு இருப்பார்கள் என்பதே இன்றைய பேச்சு.

லயத்துக் கொல்லையும் தாமான் வீடும்

மலேசிய இந்தியர்களில் பெரும்பகுதியினரின் பாட்டன்மார் பால்மரம் சீவியவர்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், நண்பகல் வரை மரம் சீவிப் பால் எடுத்து வந்த அந்த மக்களுக்கு, லயத்து வீட்டின் பின்புறம் இன்னொரு தோட்டம் காத்திருந்தது. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலைந்து வாழை, வேலியில் அவரை, பந்தலில் புடலை. சம்பளம் குறைந்த மாதங்களிலும் குழந்தைகளின் தட்டில் கீரை இருந்ததென்றால், அந்தக் கொல்லைதான் காரணம்.

1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறின. லயங்கள் காலியாகின. மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறினார்கள். கூடவே வந்தது பெட்டி படுக்கை. கொல்லை வரவில்லை. ஆனால் கொல்லையைப் பற்றிய அறிவு அந்தப் பெரியவர்களின் கைகளில் இருந்தது. இன்று தாமான்களில் எங்காவது ஒரு முருங்கைமரம் வேலிக்கு மேல் தலைகாட்டுகிறது என்றால், அந்த வீட்டில் தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

கிள்ளான் வட்டாரத்தில் அப்படி ஒரு மூலை வீட்டை எடுத்துக்கொள்வோம். இத்தகைய வீடுகள் எல்லாத் தாமான்களிலும் இருப்பதால் பெயர் முக்கியமில்லை. வீட்டின் பக்கவாட்டில் பதினைந்தடி அகலம், அறுபதடி நீளத்தில் ஒரு துண்டு நிலம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவரும் அவருடைய துணைவியாரும் அதைப் பராமரிக்கிறார்கள். மகன் வேலைக்குப் போகிறார். மருமகளும் போகிறார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பகலெல்லாம் அந்த வீட்டில் இருப்பது இந்த இருவரும் அந்தத் துண்டு நிலமும்தான்.

முதல் வேலை பார்ப்பது

காலை ஏழு மணி. சூரியன் மேலெழுந்து வருகிற நேரம். பெரியவர் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்துதான் தோட்டத்தில் இறங்குவார். ஏடிஸ் கொசு அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகமாகக் கடிக்கும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை.

இறங்கியதும் அவர் மண்வெட்டியையோ தண்ணீர்க் குழாயையோ தொடுவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். இலைகளைத் திருப்பிப் பார்ப்பார். புதிதாக வருபவர்களுக்கு அது உலாவுவது போலத் தெரியும். உண்மையில் அன்றைய நாளின் முக்கியமான வேலையே அதுதான்.

மிளகாய்ச் செடியின் கொழுந்து சுருண்டிருந்தால் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயோ அசுவினியோ இலைப்பேனோ இருக்கிறது என்று பொருள். அவை சாற்றை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. செடிக்குச் செடி நச்சுயிரி நோயையும் பரப்பிவிடும். முதல் நாளில் பார்த்தால் இரண்டு இலைகளைக் கிள்ளி எறிந்தால் போதும். பத்தாம் நாளில் பார்த்தால் செடியையே பிடுங்க வேண்டியிருக்கும்.

கத்தரிச் செடியில் ஒரு நுனி மட்டும் வாடித் தொங்கினால் அது தண்ணீர்க் குறையன்று. தண்டுக்குள் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே வெட்டி அழித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதன் அடுத்த தலைமுறை காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கறிவேப்பிலையின் இலைகள் ஓரத்தில் அரிக்கப்பட்டிருந்தால் பச்சைப் புழு ஒன்று அங்கே ஒளிந்திருக்கும். அதே புழு எலுமிச்சையையும் தின்னும். ஆகவே ஒன்றில் கண்டால் மற்றதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்தில் இறங்கி மூன்று மணி நேரம் வியர்வை சிந்துபவரின் செடிகள் ஏன் தேறுவதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பூச்சி ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் பார்க்கிறவரின் தோட்டம், வாரத்துக்கு ஒரு நாள் மாங்கு மாங்கென்று உழைப்பவரின் தோட்டத்தைவிட நன்றாக இருக்கும்.

தண்ணீரும் பூவும்

பார்த்து முடித்த பிறகே தண்ணீர். அதிலும் ஒரு முறை இருக்கிறது. பெரியவர் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பார். உள்ளே ஈரம் இருந்தால் அந்தச் செடிக்கு அன்று விடுமுறை. மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும். வாளியில் வளரும் செடிகள் மட்டும் விரைவில் காய்ந்துவிடுவதால் அவற்றுக்கு நாள்தோறும் ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை தேவைப்படும். எதுவானாலும் தண்ணீர் வேருக்குத்தான், இலைக்கு அல்ல. காலையில் தெளித்த தண்ணீராவது வெயிலில் உலர்ந்துவிடும். இரவு முழுதும் நனைந்திருக்கும் இலையில் பூசணம் பிடிக்கும்.

ஏழரை மணிக்குப் பரங்கிக் கொடியிடம் ஒரு அவசர வேலை. பரங்கிப் பூ விடியற்காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு காய் போல ஒரு குமிழ் இருக்கும். காட்டுப்புறத்தில் தேனீக்கள் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தாமானில் தேனீ குறைவு. ஆகவே பெரியவர் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுவார். 'பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது' என்று குறைபட்டுக்கொள்ளும் பலருடைய சிக்கல் இந்த ஒரு நிமிட வேலையில் தீர்ந்துவிடும்.

எல்லாக் கொடிகளுக்கும் ஒரே நேரம் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பாகல் காலையில் பூக்கும். புடலையும் பீர்க்கும் சுரையும் சாயங்காலத்துக்குப் பிறகு மலரும். புடலைப் பூவின் நூல்நூலான வெள்ளை ஓரத்தை முழு அழகோடு பார்க்க வேண்டுமானால் இருட்டத் தொடங்கும் நேரத்தில் பந்தலடிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெரியவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அவருடைய தாயாரின் பின்னால் நடந்து தெரிந்துகொண்டார்.

பறிப்பதும் ஒரு பராமரிப்பு

எட்டு மணிக்கு முன் பறிப்பு. வெண்டையை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்தாக வேண்டும். பூத்த ஐந்தாறு நாளில் காய் விரல் நீளத்துக்கு வந்துவிடும். இன்னும் இரண்டு நாள் விட்டால் நார் பாய்ந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, முற்றிய காய் செடியில் தொங்கினால் செடி புதிய காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பயற்றங்காய்க்கும் இதே கதைதான். பறிக்கப் பறிக்கக் காய்க்கும்.

பாயாம் கீரை விதைத்து நான்கு வாரத்தில் தயார். கங்கோங்கை அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். புடலைப் பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். முருங்கையை வானத்துக்கு விட்டுவிடாமல் கைக்கு எட்டும் உயரத்தில் கிளைகளைக் கழித்துக்கொண்டே வந்தால், கீரைக்கும் காய்க்கும் ஏணி தேவையில்லை.

இத்தனைக்கும் ஆன நேரம் ஒரு மணி. கூடையில் இருப்பது ஒரு வேளைக்கான கீரை, ஒரு கை வெண்டை, நாலு கத்தரி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை.

இந்தக் கூடைக்கு என்ன மதிப்பு? வெள்ளிக்காசு கணக்கில் பார்த்தால் பெரிய சேமிப்பு என்று சொல்ல முடியாது. மண், எரு, விதை, தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பசார் விலைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் இராது. மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று கண்டது. அதே ஆய்வின்படி வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களில் அந்த நோய் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாகற்காய் தின்றால் மருந்து வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மருந்தை மருத்துவர் சொன்னபடி உட்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வாசலிலேயே கீரை இருக்கும் வீட்டில், கீரை சமைக்காமல் விடுவதற்குச் சாக்கு குறைவு.

உணவு வெளியிலிருந்து வருவதில் உள்ள ஆபத்தையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, கேமரன் மலையில் விளைந்த காய்கறிகளைச் சந்தைக்கு அனுப்ப வழியின்றி விவசாயிகள் கொட்டிவிட்ட காட்சிகளை நாளேடுகளில் கண்டோம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும் இங்கே வெங்காய விலை ஏறியது. வெங்காயத்தை நம் வீட்டுக் கொல்லையில் விளைவிப்பது எளிதன்று, உண்மைதான். மிளகாயையும் கீரையையும் விளைவிக்க முடியும் அல்லவா?

அம்மையாரின் பங்கு

வெயில் ஏறிய பிறகு தோட்டத்தில் வேலை செய்வது மனிதனுக்கும் நல்லதன்று, செடிக்கும் நல்லதன்று. அந்த நேரத்தில் தோட்டம் சமையலறைக்குள் நடக்கிறது.

அம்மையார் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. அது கறிவேப்பிலைக்குப் போகும். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், தேயிலைச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் மூடி போட்ட ஒரு பழைய தொட்டிக்குள் போகும். ஒரு பங்கு ஈரக் கழிவு போட்டால் அதற்கு மேல் காய்ந்த இலையையோ கிழித்த அட்டைப் பெட்டியையோ ஓர் அடுக்கு போட வேண்டும். ஈரம் மட்டும் இருந்தால் நாறும். காய்ந்தது மட்டும் இருந்தால் மக்காது. வாரத்துக்கு ஒரு முறை கிளறிவிட்டால் நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த, உதிரியான எரு கிடைக்கும். மீன் கழிவை மட்டும் தொட்டியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுவார். இல்லாவிட்டால் பூனையும் எலியும் தோட்டத்தைக் கிளறிவிடும்.

காய்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். அதைவிட, எரிப்பது எருவைப் புகையாக்குவதற்குச் சமம். தாமான் மண்ணுக்கு எரு எவ்வளவு தேவை என்பதைத் தோண்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஓரடி தோண்டினால் செம்மண்ணும் செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்டுக் கட்டியும்தான் வரும். வீட்டைக் கட்டியவர்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய், கீழே இருந்ததை மேலே பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். பெரியவரும் அம்மையாரும் அந்தத் துண்டு நிலத்தைக் கறுப்பு மண்ணாக மாற்ற எட்டு ஆண்டுகள் ஆயின.

விதையும் அம்மையாரின் பொறுப்பில்தான் இருக்கிறது. முதலில் காய்த்த நல்ல புடலங்காய் ஒன்றை யாரும் தொடக் கூடாது என்று துணி கட்டி விட்டுவிடுவார். அது பழுத்துச் சிவந்ததும் விதையை எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வைப்பார். கடையில் பொட்டலத்தில் வாங்கும் வீரிய ஒட்டு விதைகளில் இதைச் செய்ய முடியாது. அதன் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. போத்தலில் இருப்பதோ தோட்டப்புறத்திலிருந்து புடவை முந்தானையில் முடிந்து கொண்டு வந்த விதையின் வழி வந்தது.

மழையும் மாலையும்

மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்குப் பிற்பகல் மழை புதிதல்ல. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மூன்று மணி வாக்கில் வானம் கறுத்து, இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் பெரியவரின் பாத்திகள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்து நிற்கின்றன. முருங்கையும் பப்பாளியும் கால் நனைந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளாதவை. பப்பாளியின் அடியில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேங்கினாலே மரம் மஞ்சளாகிவிடும். மழை வரும் அறிகுறி தெரிந்தால் அன்று உரம் போடுவதில்லை. போட்டால் அது சாக்கடைக்குத்தான் போகும்.

மழை விட்டதும் சாய்ந்த மிளகாய்ச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டுவது, பந்தலின் கம்பியை இறுக்குவது, சாக்கடையை அடைத்திருக்கும் இலைகளை வாருவது. இவை சிறு வேலைகள்தான். ஆனால் அன்றே செய்ய வேண்டியவை.

ஆறு மணிக்குப் பழமரங்களின் பக்கம். அந்த வீட்டில் ஒரு கொய்யா, ஓர் எக்சோட்டிகா பப்பாளி, ஒரு தூறு ராஸ்தாளி வாழை. எக்சோட்டிகா என்பது மார்டி எனும் மலேசிய வேளாண்மை ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ரகம். ஒரு குடும்பம் ஒரே வேளையில் உண்டு முடிக்கும் அளவில் காய்க்கும். கொய்யாவுக்கும் பாகலுக்கும் பெரிய எதிரி பழ ஈ. காய் பிஞ்சாக இருக்கும்போதே ஈ அதன் தோலில் குத்தி முட்டையிட்டுவிடும். வெளியே ஒரு சிறு புள்ளி, உள்ளே புழு. இதற்கு மருந்து தேவையில்லை. பழைய நாளேட்டைச் சுருட்டிப் பிஞ்சுக்கு உறை போட்டால் போதும். விழுந்த பழங்களை மரத்தடியில் விடாமல் பொறுக்கிவிட வேண்டும். பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாகத் திரும்பி வரும்.

வாழைத் தூற்றில் முளைக்கும் பக்கக் கன்றுகளில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுவார். எல்லாவற்றையும் விட்டால் தூறு பெருக்கும், தார் சிறுக்கும். மிளகாயில் பூச்சி கண்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து தெளிப்பதும் இந்த நேரத்தில்தான். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கொசுவுக்கு இடமில்லை

வீட்டுத் தோட்டத்தின் மீது அண்டை அயலார் சொல்லும் முதல் குற்றச்சாட்டு கொசு. இது வெறும் பேச்சன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி காய்ச்சல் கண்டது. 182 பேர் மாண்டார்கள். தேங்கிய தண்ணீரில் இடப்பட்ட ஏடிஸ் முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்தாலே அதன் கதை முடிந்துவிடும். பூந்தொட்டியின் அடித்தட்டு, கவிழ்க்காத வாளி, தேங்காய்ச் சிரட்டை, மழைநீர்த் தொட்டி, கூரைத் தாங்கி, இவைதான் அதன் பிறப்பிடங்கள். மழைநீர்த் தொட்டிக்கு வலை கட்ட வேண்டும். வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. பராமரிக்கும் தோட்டத்தில் கொசு பெருகாது. கைவிட்ட தோட்டத்தில்தான் பெருகும்.

ஆறரை மணி. வேலை முடிந்தது. மாலையில் ஆனது அரை மணி நேரம். அப்போதுதான் வேலி ஓரத்தில் பேச்சு தொடங்கும். பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் முருங்கைக்கீரை கேட்பார். அவர் வீட்டுச் செராயும் பாண்டான் இலையும் இந்தப் பக்கம் வரும். எதிர்வீட்டுச் சீனர் கறிவேப்பிலை வாங்கிப் போய், மறுவாரம் ஒரு பை லிமாவ் காயோடு வருவார். எந்த ஒற்றுமைக் கூட்டமும் இல்லாமல் அந்தச் சாலையில் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள்.

சிமெண்டு போடலாமா?

இப்போது ஒரு சங்கடமான விசயத்துக்கு வருவோம். அந்த வீட்டு மகன் நல்லவர். தந்தையார் மீது அக்கறை கொண்டவர். ஒரு நாள் அவர் சொன்னார்: "அப்பா, இந்த வயசுல எதுக்கு வெயில்லயும் மழையிலயும் கஷ்டப்படுறீங்க? சிமெண்டு போட்டுட்டா ரெண்டாவது கார நிறுத்திக்கலாம். பாம்பு பயமும் இருக்காது."

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "போட்டுக்கப்பா. உன் வீடு. ஆனா காலையில எந்திரிச்சி நான் எங்கப்பா போறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு முன் வேறு எந்தக் கணக்கும் நிற்காது. ஐம்பது ஆண்டு காலம் விடியலில் எழுந்து வேலைக்குப் போன ஒரு மனிதருக்கு, ஓய்வு என்ற பெயரில் ஒரு நாற்காலியையும் தொலைக்காட்சியையும் மட்டும் கொடுத்தால், அவர் உட்கார்ந்தே தளர்ந்துபோவார். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இப்படிப் பேசுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் உண்மை அதுதான். தோட்டம் அவருக்கு வேலை, நடை, பேச்சுத் துணை, மரியாதை. 'தாத்தா வீட்டுப் புடலை' என்று அந்தச் சாலையே சொல்லும்போது, அவர் இன்னும் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் மனிதர்.

மகன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபது வயதில் குனிந்து களை எடுப்பதும் தண்ணீர் வாளி தூக்குவதும் சிரமம்தான். அதற்குத் தீர்வு மண்ணை மூடுவதா, சுமையைக் குறைப்பதா? பாத்தியை இடுப்பளவு உயர்த்திக் கட்டலாம். வாளிக்குப் பதில் நீண்ட குழாய் போடலாம். நடைபாதைக்கு மட்டும் வழுக்காத கல் பதிக்கலாம். பாம்புக்குப் பயந்தால் புதரையும் குப்பைக் குவியலையும் அகற்றினால் போதும். வார இறுதியில் மண்வெட்டி வேலையை மகன் பார்த்துக்கொள்ளலாம். சிமெண்டு போட்ட தரையில் விழும் மழைநீர் முழுவதும் நேரே சாக்கடைக்குத்தான் போகும் என்பதையும், ஒவ்வொரு வீடும் இப்படிச் செய்தால் தாமானின் கதி என்னவாகும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியவருக்கு உடல்நலமில்லாமல் மூன்று வாரம் படுத்துவிட்டால் அந்தத் தோட்டம் புதராகிவிடும். ஏனென்றால், அந்த வீட்டில் வேறு யாருக்கும் அதன் கணக்குத் தெரியாது. எந்தக் கொடிக்கு எந்த நேரம், எந்த வாட்டத்துக்கு என்ன பொருள், போத்தலில் இருக்கும் விதை எத்தனை ஆண்டுப் பழையது, எல்லாம் இரண்டு தலைகளுக்குள் மட்டும் இருக்கிறது. லயத்தை விட்டு வந்தபோது நிலத்தை இழந்தோம். அது நம் கையில் இல்லை. அறிவையும் இழந்தால் அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

அடுக்குமாடியில் வசிப்பவர்கள் 'எங்களுக்கு நிலமில்லையே' என்று ஒதுங்க வேண்டியதில்லை. நாலு மணி நேரமாவது வெயில் படும் நடைபாதை ஓரமோ பலகணியோ இருந்தால் ஐந்து பழைய பெயிண்ட் வாளிகள் போதும். நன்றாகக் கழுவி, அடியில் துளையிட்டு, மண்ணும் எருவும் நிரப்புங்கள். ஒன்றில் கறிவேப்பிலை, இரண்டில் மிளகாய், ஒன்றில் கங்கோங், ஒன்றில் பாயாம். அண்டை வீட்டாரின் வழியை அடைக்காமலும், வாளியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காமலும் இருக்க வேண்டும். கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதே போல் வீட்டுக்கு வெளியே சாலையோர நிலத்தில் பயிரிடுபவர்கள் அது தங்களுடைய நிலமல்ல என்பதை நினைவில் வைத்து, ஊராட்சி மன்றத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இளையோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு தாத்தா, பாட்டி இன்னும் மண்ணில் கை வைத்துக்கொண்டிருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கைத்தொலைபேசியைப் பையில் வையுங்கள். அல்லது அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'இந்த இலை ஏன் இப்படி இருக்கு தாத்தா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் அரை மணி நேரம் பேசுவார். வீடு திரும்பும்போது பாட்டியிடம் ஒரு கை விதை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை காய்க்காமல் போகலாம். மறுபடியும் போய்க் கேளுங்கள். அப்படிக் கேட்கப் போவதற்கு அவர்கள் இருக்கும்போதே போங்கள்.